உரசல் தாங்காத சத்யராஜ்

உரசாமல் எவ்வளவு நெருங்கியிருக்க முடியும்? பிள்ளையார்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சத்யராஜ் இதை யாரிடமும் கேட்டதில்லை. தடித்த டயர் சைக்கிள் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, சக்கரத்தைச் சுழற்றி, கண்ணை மூடிக் காதை அதன் அருகே கொண்டுபோகும் அவரைப் பார்த்தால் கேள்வி நமக்கு வருகிறது. டிஸ்க் பிரேக்கின் தகட்டுக்கும் அதைக் கவ்வி நிறுத்தும் பேடுக்கும் நடுவே மயிரிழைதான் இடம். ஒட்டினால் 'ஸ்ஸ்க், ஸ்ஸ்க்' என்று உரசும்; அதிகம் விலகினால் பிடிக்காது.

ஊரில் ஏறுவதற்கு மலை கிடையாது. ஆனாலும் மலைச் சைக்கிள் தெருவுக்கு நாலு ஓடுகிறது. தறி வீடுகளில் எது கிறீச்சிட்டாலும் எண்ணெய் விடுவது பழக்கம். டிஸ்க்குக்கும் விட்டுவிட்டு, சுவரில் போய் மோதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. "தறிக்கு வுட்டா சத்தம் போவும்பா. இதுக்கு வுட்டா நீயே போய்டுவ" என்பார், முகம் மாறாமல்.

குறையில்லாதவர் அல்ல. சொன்ன நேரத்துக்கு வண்டி தரமாட்டார். ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், தெருவில் உரசிக்கொண்டு போகும் சைக்கிளை வழிமறிப்பார். மனைவி எஸ்தருக்கு அது வேடிக்கை. "பக்கத்துல மாவு மெஷின் அலறுது, அது கேக்காது. இது மட்டும் எப்டிதான் காதுல வுழுதோ!"

முதலில் சக்கரம் அச்சில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, தகட்டின் இருபுறமும் ஜக்கார்டு அட்டைத் துண்டைச் செருகி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறுக்குவார். சேலையில் பூ விழுவதற்காகத் தறியில் ஓடித் தேய்ந்த அட்டை அது. கொண்டுவந்து தருபவள் காவேரி, ஆனந்தகுமாரின் தறிக்கூடத்தில் நெய்கிறவள்.

போன மாதம் அவள் அட்டைக் கட்டோடு வந்தபோது கயிற்றில் தொங்கியது அவள் முதலாளியின் சைக்கிள். டாக்டர் சொல்லி வாங்கியது.

"அண்ணா, இந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடாதண்ணா."

"ஏம்மா?"

"தெருமுனைல ஸ்ஸ்க்குன்னு கேட்டாலே நாங்க உஷாராயிடுவோம். செல்போன உள்ள வெச்சுட்டு, டீ டம்ளர மறைச்சுட்டு, தறில குந்திக்குவோம். சத்தமில்லாம வந்து நின்னாருன்னா? நாள் பூரா திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே நெய்யணும். அவரு கெட்டவரில்லண்ணா. கண்ணால பாத்தாதான் கத்துவாரு."

"உரசுற வண்டிய நான் வெளிய அனுப்புனதே இல்லமா."

"எங்களுக்கோசரம் ஒண்ணே ஒண்ணு அனுப்பேன்."

அவள் அட்டைக் கட்டை வைத்துவிட்டுப் போனாள். அவர் ஒரு போல்ட்டை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். சக்கரத்தைச் சுழற்றினார். நின்று ஓயும்வரை ஒரு முனகல் இல்லை.

மாலையில் ஆனந்தகுமார் வந்து தானும் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார்.

"அட, பூனை மாதிரி போவுதே! இனிமே தெரியும் பாரு, எவன் எவன் வேல செய்றான், எவன் போன் நோண்டுறான்னு."

"கொஞ்சம் இருங்க மொதலாளி."

சத்யராஜ் உள்ளே போய் ஒரு டப்பாவைத் திறந்தார். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சக்கரத்தில் கம்பிக்குக் கம்பி மாட்டுவார்களே, அந்த வண்ணப் பாசிமணிகள். பின்சக்கரத்தில் ஏழெட்டை மாட்டினார்.

"இன்னாபா இது, பசங்க வண்டி மாதிரி?"

"இருக்கட்டும் மொதலாளி. காசு வாணாம்."

ஆனந்தகுமார் சிரித்துக்கொண்டே ஏறி, டாக்டர் சொன்ன வேகத்தில் மெல்ல மிதித்தார். கம்பிகளில் பாசிகள் ஏறி ஏறி விழுந்தன. 'டிக், டிக், டிக்.'

"எதுக்குயா அது?" என்றாள் எஸ்தர்.

சத்யராஜ் கையை உயர்த்தி அவளைப் பேசாதிருக்கச் சொன்னார். சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு காவேரி வைத்துப்போன அட்டைக் கட்டைப் பிரித்தார்.