சட்டைப் பையில் முட்டை ஓடு

எந்தப் பண்டத்தைக் கொடுத்தாலும் நீலாஞ்சனா முதலில் மோந்துதான் பார்ப்பாள். தொண்டூரில் ஒரு சமண நைனார் குடும்பத்தில் பிறந்தவள். மாமிசமும் முட்டையும் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பள்ளி முடித்து விழுப்புரத்தில் விடுதியில் தங்கித் தையல் படித்தபோது, பக்கத்துக் கட்டில்காரி பிறந்தநாள் என்று ஒரு துண்டு கேக்கை நீட்டினாள். இவளும் ஆசையாகத் தின்றாள். தின்று முடிக்கும் வரை காத்திருந்து, "அதுல முட்டை போட்டிருக்குதுடி" என்று ஒருத்தி சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தியெடுத்தாள் நீலாஞ்சனா. வாந்தி அன்றோடு போயிற்று. அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை. பிஸ்கட் பொட்டலம் வாங்கினாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் பிரிக்கமாட்டாள்.

கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தாள். கணவர் அருகனுக்கு வேர்க்கடலை வியாபாரம். அனந்தபுரம் பக்கம் களம் களமாய் அலைவார். இவள் முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். ஒரே மகள் ஹேமா. அவளை முதலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார்கள். தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுததால், நாலாம் வகுப்புக்குத் தெருக்கோடி அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே போனதும் வயிற்றுவலி நின்றது. ஆனால் நீலாஞ்சனாவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. நோட்டில் எழுத்தைக் காணோம். நகக்கண்ணில் மட்டும் களிமண் இருந்தது.

"இன்னாடி படிச்ச இன்னிக்கி?"

"மண்ணுல எவ்ளோ தண்ணி எறங்குதுன்னு ஊத்தி ஊத்திப் பாத்தோம்மா."

மறுநாள் கேட்டால் புளியங்கொட்டையில் கணக்கு. அதற்கடுத்த நாள் கிணற்றுக் கப்பி செய்தோம் என்றாள். வகுப்பாசிரியை சாமுண்டீஸ்வரி டீச்சர் பாடம் நடத்தச் சோம்பல்பட்டுப் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டாள் என்றே நீலாஞ்சனா நினைத்தாள். அப்படியில்லாமல், ஒரு பிள்ளை இத்தனை சந்தோஷமாகவா பள்ளிக்கூடம் போகும்?

மழைக்காலம் முடிந்த சமயம், மெஷின் மேல் இருந்த நூல் வெட்டும் சின்னக் கத்தரியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினாள். ஹேமா, "நான் பாக்கலியே" என்றாள். அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்தது போல இருந்தது. பிறகு செல்லோடேப் காணாமல் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை துவைக்கப் போட்ட சீருடையின் பைக்குள் கையைவிட்டாள். விரலில் எதுவோ குத்தியது. எடுத்துப் பார்த்தால், ஒரு முட்டை ஓட்டுச் சில்லு. அதன்மேல் நீல மையில் பாதி முத்திரை. சத்துணவு முட்டைக்குத்தான் அப்படி முத்திரை குத்தி அனுப்புவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அவள் ஓட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஹேமாவைக் கூப்பிட்டு, "வாயத் தொற" என்றாள்.

ஹேமா வாயைத் திறந்தாள். ஒரு வாடையும் இல்லை.

"இது ஏதுடி?"

"கீழ கெடந்துச்சு."

"கீழ கெடந்தது பைக்குள்ள எப்புடி ஏறிச்சு?"

"ஒன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஹேமா தரையைப் பார்த்தாள். அதற்கு மேல் அடித்துக் கேட்டாலும் பேசமாட்டாள் என்று தாய்க்குத் தெரியும்.

மறுநாள் காய்கறிக் கடையில் பள்ளிச் சமையல் உதவியாளர் ராஜம்மாளைப் பார்த்தாள். பேச்சுவாக்கில் ராஜம்மாள், "உங்க பொண்ணு இப்பல்லாம் வாழப்பழம் வாங்கறதே இல்லயேம்மா. முட்டை குடுங்கன்னு கையில வாங்கிக்குது. நீங்க ஒத்துக்கினீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

நீலாஞ்சனாவின் கையிலிருந்த கத்தரிக்காய் கூடைக்குள்ளேயே விழுந்தது. முட்டை தின்னாத பிள்ளைகளுக்குத்தான் அங்கே வாழைப்பழம் கொடுப்பார்கள். பழம் வேண்டாம் என்று முட்டையை வாங்கினால் வேறென்ன அர்த்தம்?

வீட்டில் அருகன் சட்டென்று எதையும் நம்பவில்லை. "பொண்ணுகிட்டயே பொறுமையா கேளேன், நீலா."

"கேட்டாச்சிங்க. பொய் சொல்லுது. அந்த டீச்சர்தான் பழக்கி வுட்டிருக்கணும். உடம்புக்கு நல்லதுன்னு சொல்லியிருப்பாங்க."

"கண்ணால பாத்தியா?"

"பாக்கத்தான் போறேன்."

திங்கட்கிழமை வேண்டுமென்றே ஹேமாவின் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒளித்துவைத்தாள். மதியச் சாப்பாடு முடிந்திருக்கும் என்று தோன்றியதும், அதைக் கொடுக்கும் சாக்கில் பள்ளிக்குப் போனாள். வாசல் வழியாகப் போகவில்லை. வேப்பமரத்தைச் சுற்றிப் பின்பக்க ஜன்னலுக்கு வந்து, சுவரோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தாள்.

பிள்ளைகள் வட்டம் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியே அவளுக்குச் சரியாகப் படவில்லை. சாமுண்டீஸ்வரி டீச்சர் ஹேமாவின் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தாள். ஹேமாவின் இரண்டு கைக்கும் நடுவே ஒரு வெள்ளை முட்டை. அவள் முகம் மெல்ல மெல்ல அதன் அருகே இறங்கியது.

"ஹேமா!"

ஜன்னல் கம்பியே அதிரும்படி கத்தினாள் நீலாஞ்சனா. ஹேமாவின் கையிலிருந்து முட்டை நழுவி உருண்டது. பக்கத்து வட்டத்தில் இளவரசன் என்ற பையன் திடுக்கிட்டு எழுந்ததில், அவன் முழங்கால் பட்டு ஓர் உயரமான புத்தக அடுக்கு சரிந்தது. கீழே எதுவோ நொறுங்கும் சத்தம். "ஐயோ, போச்சு!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் அலறினார்கள்.

அவள் உள்ளே வந்தபோது டீச்சர் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடியில் நாலு பாதி முட்டை ஓடுகள் தூளாகிக் கிடந்தன.

"எங்க வூட்டுப் புள்ளைக்கி முட்டை குடுக்கறதுக்கு யாரக் கேட்டீங்க?"

டீச்சருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. "உக்காருங்கம்மா. அவ சாப்பிடல, ஓட்டுல விரிசல் இருக்கான்னு கிட்ட வெச்சுப் பாத்தா. கோட்டையில நெற்களஞ்சியம் பாக்கக் கூட்டிட்டுப் போனேன். வளைஞ்ச கூரை எப்புடி கீழ வுழாம நிக்குதுன்னு கேட்டாங்க. நானே வாயால சொல்றதவிட அவங்களே செஞ்சு பாக்கட்டும்னுதான் முட்டை ஓட்டக் கவுத்து வெச்சு, மேல புத்தகம் அடுக்கச் சொன்னேன். ஓடு விரிசல் இல்லாம ரெண்டா வரணும். வகுப்புலயே அது ஹேமா கைக்குத்தான் வருது. நடுவுல டேப்ப ஒட்டி, சின்னக் கத்தரியால சுத்தி வெட்டறா."

நீலாஞ்சனா கீழே பார்த்தாள். அவளுடைய கத்தரிதான் அது.

"அப்போ முட்டைய யாரு துன்றது?"

ரஞ்சனி என்ற சிறுமி எழுந்து நின்றாள். "நான்தான் ஆண்ட்டி. ஓடு அவளுக்கு, முட்டை எனக்கு." சொல்லிவிட்டு, தப்பாகிவிடுமோ என்று டீச்சரைப் பார்த்தாள்.

"வீட்ல சம்மதமான்னு ஹேமாகிட்ட கேட்டேன்" என்றாள் டீச்சர் மெதுவாக. "அம்மா ஒன்னும் சொல்லமாட்டாங்கன்னு சொன்னா. நான் உங்களையே கேட்டிருக்கணும். அது என் தப்புதான்."

ஹேமா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "உன்கிட்ட கேட்டா தொடவே கூடாதுன்னு சொல்லியிருப்பம்மா."

நீலாஞ்சனா குனிந்து தன் கத்தரியைக் கையில் எடுத்தாள். கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். எல்லாப் பிள்ளைகளும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

டீச்சர் வேறு ஓடுகளை எடுத்துவந்து மறுபடி கவிழ்த்து வைத்தாள். "இருந்து பாத்துட்டுப் போங்கம்மா." இளவரசன் ஒவ்வொன்றாகப் புத்தகம் வைத்தான். நீலாஞ்சனா குனிந்து ஓடுகளுக்கு நடுவே பார்த்தாள். உள்ளே கட்டை எதையாவது முட்டுக் கொடுத்திருப்பார்களோ என்று தோன்றியது. கேட்காமலே, ஓடுகளுக்கு அடியில் விரித்திருந்த தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ரவிக்கைப் பொத்தானைவிட மெல்லிய ஓடு, அடுக்கைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றது. டீச்சருடைய கனமான அகராதி ஏறும் வரை தாங்கி, அதன்பிறகுதான் படாரென்று உட்கார்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் தன்னையறியாமல், "இன்னொருவாட்டி வைங்க" என்றாள்.

சாயங்காலம் அம்மாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் நீலாஞ்சனாதான் பேச்சை ஆரம்பித்தாள். "இனிமே நீ வாழப்பழமே வாங்கு. ரஞ்சனியோட ஓட்ட வெட்டிக் குடு, வேணாங்கல. வெட்டிட்டுக் கையக் கழுவு. ஆனா எங்கிட்டப் பொய் சொல்லாத."

"நீ திட்டமாட்டியா?"

"திட்டுவேன். திட்டனாலும் சொல்லு."

ஹேமா தலையாட்டினாள்.

அருகன் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இப்பவாவது அந்த டீச்சர் மேல நம்பிக்க வந்துச்சா?"

"நல்ல டீச்சராத்தான் தெரியுது" என்றாள் நீலாஞ்சனா, மெஷினில் துணியைச் சரிசெய்தபடி. "அடுத்த வாரம் காந்தத்துல இன்னாமோ செய்யப் போறாங்களாம். அதையும் ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."