ஆள் பார்த்து வரும் விரதம்

போன வியாழக்கிழமை மாலை மேல்மாடி வீட்டுக்குக் கதை கேட்கப் போனேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சுவிஸில், ஓர்லிகோனில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சஸ்மிதா என்றொரு ஒடியாப் பெண் இருக்கிறாள். புவனேஸ்வரத்துப் பிள்ளை. கணவனுக்கு ஐ.டி. வேலை. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் சென்னையில் வேலை செய்தவள் என்பதால் தமிழ் நன்றாகவே பேசுவாள். என்னை ‘ஆன்ட்டி’ என்பாள்.

அவள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. அம்மாடி! கட்டத்துக்குக் கட்டம் ஒரு நோன்பு. ஆனி பிறக்கும்போது மூன்று நாள் பூமாதேவிக்கு மாதவிலக்காம். அவளோடு சேர்ந்து பெண்களுக்கும் ஓய்வு — ஊஞ்சல் ஆடலாம், அம்மியைத் தொடக்கூடாது. (எங்களுக்கு அதே மூன்று நாள் வந்தால் கோயில் பக்கமே போக முடியாது.) கார்த்திகை முழுக்க மச்சம் கிடையாது. மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத சனம் அது! அது முடிய மார்கசிர மாதம். அதில் வருகிற வியாழக்கிழமை எல்லாம் லட்சுமிக்கு. நானோ கந்தசஷ்டி ஆறு நாள் பிடிக்கவே வேலையிடத்தில் லீவு கேட்டுக் கெஞ்சுகிற ஆள்.

அந்த வியாழக்கிழமைகளில் விடிய முன் எழும்பி, வீடு கழுவி, படிக்கட்டில் இருந்து வாசல்வரை அரிசிமாக் கரைசலில் குட்டிக் குட்டிப் பாதங்கள் வரைவாள். லட்சுமி உள்ளே வருகிற வழியாம். அதுவும் சுவிஸ்காரனின் பொதுப் படிக்கட்டில்! கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட் கண்டால் கடிதம் வந்துவிடும். முதல் வியாழன் பயந்துகொண்டேதான் கதவைத் திறந்து பார்த்தாளாம். படி துடைக்க வருகிற பெண், ஒரு பாதத்தைக்கூட அழிக்காமல், ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி மொப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் பெண் வசந்தி. ஷ்லீரனில் இருந்து வருகிறவர். என்னைப் போலவே யாழ்ப்பாணம். சஸ்மிதாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

"ரெண்டு பேரும் தமிழ், ஒரே ஊர்! இந்த வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும் ஆன்ட்டி. எங்க லட்சுமி கதையைத் தமிழ்ல சொல்றேன்."

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. வசந்தியின் மகள் அபியைத்தான் கட்டுவேன் என்று என் மகன் நிற்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன் அவன் அதைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பிள்ளை என்ன படிக்கிறாள் என்றா? குணம் எப்படி என்றா?

"ஊரிலை எவடமாம்?"

"யாழ்ப்பாணம் அம்மா" என்றான். இங்கே பிறந்தவன், பாவம்.

"அது தெரியும். யாழ்ப்பாணத்திலை எவடம்?"

அந்தக் கேள்வி எதற்கென்றே தெரியாமல் அவன் போய் அபியிடம் கேட்க, அபி தாயிடம் கேட்க, பதில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. துன்னில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணைக்கு ஒரு கோல் எடுத்தேன். மிச்சத்தை அவர் சொன்னார். "முதலிலை படிப்பு முடியட்டும்" என்று மகனிடம் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்கள் ‘முடியாது’ என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கேள்வி தன் காதுக்கு வந்தபோதே வசந்திக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

இதே பத்தியில் சாதியைப் பற்றி எத்தனை தரம் எழுதியிருப்பேன்! கோயில் நிர்வாகத்தைக் கிழி கிழியென்று கிழித்தபோது நீங்கள் அனுப்பிய பாராட்டுகளை இன்னும் ஃபோனில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெட்கம்கெட்ட சேமிப்பு.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

நான் கொஞ்சம் முந்தியே போய்விட்டேன். லட்சுமிக்குப் படைத்தது வீட்டாருக்கு மட்டும்தானாம். வருகிறவர்களுக்கென்று தனியாக ‘அரிசா பிட்டா’ சுட்டு வைத்திருந்தாள். கடித்துப் பார்த்தால்... அட, எங்கள் அரியதரம்! அரிசிமா, வெல்லம், எள்ளு, கொதிக்கிற எண்ணெய். இரண்டு சாப்பிட்டேன். பிறகு வசந்தி வந்தார், கையில் ஒரு டப்பாவோடு. "சுகமோ அக்கா?" என்றார். "ஓம்" என்றேன். 

சஸ்மிதா கதையைத் தொடங்கினாள். வியாழக்கிழமை விடிய லட்சுமி ஊர்வலம் போகிறாள், எந்த வீடு சுத்தமாக இருக்கிறது என்று பார்க்க. பெரிய வீடுகள் எல்லாம் குறட்டை. ஊருக்கு வெளியே, தெருக்கூட்டுகிற பெண்ணின் குடிசை மட்டும் மெழுகிக் கோலம் போட்டுக் கிடக்கிறது. லட்சுமி உள்ளே போய்விடுகிறாள். இதைக் கண்ட கணவனின் தமையன், "தீண்டத்தகாத வீட்டுக்குப் போனவள் இனி இங்கே வரக்கூடாது" என்கிறான். கணவனும் பெண்சாதியை வெளியே விடுகிறான். கடவுள்தான், ஆனாலும் தமையன் சொல் தட்டாத ஆம்பிளை! அவள் போன கையோடு வீட்டில் ஒரு பருக்கை இல்லை. அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வருடம் பிச்சைக்கு அலைகிறார்கள். கடைசியில் ஒரு வாசலில் சோறு கேட்டால், "நாங்கள் தாழ்ந்த சாதி, சாப்பிடுவீர்களா?" என்று கேட்கிறார்கள். பசி வந்தவனுக்கு என்ன சாதி? சாப்பிடுகிறார்கள். முதல் வாயிலேயே அது யார் கைச் சமையல் என்று தெரிந்துவிடுகிறது...

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன். "என்ன அருமையான கதை, பிள்ளை" என்று மூக்கை உறிஞ்சினேன். வசந்தி டப்பாவைத் திறந்து முதலில் என் பக்கம் நீட்டினார்.

உள்ளே அரியதரம்.

"ஐயோ, எனக்கு இண்டைக்கு விரதம்."

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. இன்னார் கையால் வாங்கித் தின்னமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். ‘விரதம்’ என்று சொன்னால் போதும். சாதியும் தப்பும், மரியாதையும் தப்பும்.

சஸ்மிதா பேனாவோடு நாள்காட்டிக்கு ஓடினாள். "இன்னைக்கு வேற என்ன விரதம் ஆன்ட்டி? எங்க காலண்டர்ல இல்லையே! சொல்லுங்க, அடுத்த வருஷம் நானும் இருக்கேன்." பிறகு அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஆனா... இப்பதானே ரெண்டு பிட்டா சாப்பிட்டீங்க?"

நான் கிழவிபோல இருமினேன்.

"விடுங்கோ பிள்ளை" என்றார் வசந்தி. குரலில் கோபமே இல்லை. "அக்காவின்ரை விரதம் உங்கட கலண்டரிலை இராது. ஊரிலையும் எங்கட வாசலுக்கு வந்தவைக்கெல்லாம் எந்த நாளும் விரதம்தான். பிளேன் ஏறி இஞ்சையும் வந்திட்டுது."

ஒன்றை எடுத்து வாயில் போட்டிருந்தால் போதும். ஒரு ‘குறை நினையாதேங்கோ’ சொல்லியிருந்தால் போதும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகல் முழுக்க மாட்டிறைச்சி கிண்டுகிறேன். எரித்திரியாக்காரி ஆக்குவதை வழித்துத் துடைத்துச் சாப்பிடுகிறேன். அங்கே ஒருநாளும் வராத விரதம் இது. ஆனால் கை நீளவில்லை. வசந்தி டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எனக்கு முந்தி இறங்கிப் போனார்.

அரை மணி நேரம் கழித்துக் கீழே இறங்கி வந்தேன். மேசையில் அதே டப்பா. மகன் மூன்றாவதை மென்றுகொண்டிருந்தான்.

"அபியின்ரை அம்மா தந்திட்டுப் போனவ" என்றான். விரதக் கதையை வசந்தி அவனிடம் சொல்லவில்லை. அது இன்னும் சுட்டது.

"அம்மா, தை மாசம் எங்களுக்குக் கலியாண எழுத்து. பதிவு ஒஃபிசிலை கடைசிப் புதன்கிழமைக்கு டெர்மின் எடுத்திட்டம். நீங்கள் வராட்டியும் நடக்கும். ஆனா வராட்டி, பிறகு நானும் இந்த வீட்டை வரமாட்டன். எழுத்து முடிய அபி வீட்டிலை சாப்பாடு, அவவின்ரை அம்மாதான் சமைக்கிறா. வாறியளோ?"

"பாப்பம்" என்றேன்.

அவன் அறைக்குள் போனதும் என் கை தானாகச் சுவரில் தொங்கிய எங்கள் நாள்காட்டிக்குப் போனது. தை மாதத்தைப் புரட்டி, அவன் சொன்ன நாளின் கட்டத்தில் விரலை வைத்தேன். சஷ்டி இல்லை, பிரதோஷம் இல்லை, ஏகாதசி இல்லை.

அந்தப் புதன்கிழமைக்கு ஒரு விரதமும் இல்லை.