விடுபட்டவர்கள்

எங்கள் குடும்பத்தில் சினிமாவில் நடித்தவள் நான் ஒருத்திதான், அதுவும் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு. சென்னையிலிருந்து டெல்லிக்குப் படமெடுக்க வந்தவர்களுக்கு ஒரு அம்மா தேவைப்பட்டாள். காய்கறிக்காரனிடம் இந்தியில் சண்டை போட்டுவிட்டு, அதே மூச்சில் மகனைத் தமிழில் திட்டத் தெரிந்த அம்மா. பொங்கல் விழாவுக்கு நாடகம் போடும் எங்கள் குழுவிடம் வந்து கேட்டார்கள். அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறேன், இனிமேல் சம்பளத்தோடு செய்வதில் என்ன கஷ்டம் என்று ஒத்துக்கொண்டேன்.

படத்தில் என் மகன் காணாமல் போகிறான். டெல்லி முழுக்க அவனைத் தேடி அலைகிறேன். என் பங்குக்கு ஆறேழு காட்சிகள்தான். ஆனாலும் படம் வந்த பிறகு மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி லிஃப்டில் நிம்மதியாக ஏறி இறங்க முடியவில்லை. "ஆன்ட்டி, அவார்டு உங்களுக்குத்தான்" என்று பார்க்கிறவர்களெல்லாம் சொன்னார்கள். ஒரு தமிழ்த் தொலைக்காட்சி வருடாவருடம் கொடுக்கும் விருது அது. முதலில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து பேரைப் பரிந்துரைத்துப் பட்டியல் போடுவார்கள். அதிலிருந்து ஒருவருக்கு விருது.

எல்லாரையும்விட அந்தப் பட்டியலுக்காகக் காத்திருந்தவர் என் கணவர். மத்திய சர்க்கார் வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும், டெல்லியைச் சீக்கிரம் மாற்றல் கிடைத்துவிடப் போகிற ஊராகத்தான் நினைக்கிறார். ரிடையர் ஆனதிலிருந்து வாயைத் திறந்தால் சென்னை. நானோ இங்கேயே பிறந்தவள். என் பள்ளிக்கூடம், கல்யாணம், பிரசவம் எல்லாம் யமுனைக்கு இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம். சென்னை எனக்குக் கல்யாணங்களுக்குப் போய் வேர்த்துவிட்டு வருகிற ஊர். வருடக்கணக்காக நடந்த இந்தச் சண்டைக்கு ஒருநாள் அவரே முடிவு சொன்னார்.

"லிஸ்ட்ல உன் பேரு வந்துச்சுன்னா நாலு படம் தேடி வரும். ஃபிளாட்டை வித்துட்டு சென்னைக்குப் போயிருவோம். வரலைன்னா நான் இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சரியா?"

சரி என்றேன். எங்கே வரப் போகிறது என்ற தைரியம்தான். அதற்குப் பிறகு யாராவது என் நடிப்பைப் புகழ்ந்தால் பேச்சை மாற்றினேன். உலகத்தில் தன் பெயர் வந்துவிடக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட நடிகை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நொய்டாவில் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், பாதி இந்தி கலந்து. படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள்.

"அம்மா, லிஸ்ட் ஆ கயா. ரிலீஸ் பண்ணிட்டாங்க. சிறந்த துணை நடிகை, ரெண்டாவது பேரு உன்னுதுதான்."

என் கணவர் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். ஸ்வீட் வாங்கப் போகிறார் என்று தெரிந்தது. கீழே மார்க்கெட்டில் ஸ்வீட் கடைக்குப் பக்கத்துக் கடை வீட்டு புரோக்கருடையது. அதுவும் எனக்குத் தெரியும்.

அதற்குள் மகள் போட்ட சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, தங்கள் வீட்டு லட்டுவை என் வாயில் திணித்தாள். அவள் தோளுக்கு மேலாக என் சமையலறை தெரிந்தது. நானே கார்ப்பெண்டர் பக்கத்தில் நின்று போட வைத்த அலமாரி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்த காப்பிப் பொடி, எல்லாமே ஏற்கெனவே யாருடையதோ போலத் தெரிந்தன. போகத்தான் வேண்டும். வாக்குக் கொடுத்தாயிற்று. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எதிர்வீட்டம்மாள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

கூடப் பட்டியலில் யார் யார் என்று பார்க்கத்தான் போனை வாங்கினேன். மகள் சொன்னது சரி. சிறந்த துணை நடிகை என்று போட்டிருந்தது. இரண்டாவது பெயர் என்னுடையது. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: விடுபட்டவர்கள். அதன் கீழே சின்ன எழுத்தில், இத்தனை நல்ல நடிப்பை நடுவர்கள் எப்படி மறந்தார்கள் என்று யாரோ கோபமாகக் கேட்டிருந்தார்கள்.

ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தேன். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"இதுல நீ என்னன்னுடி படிச்சே?"

"விடுபட்டவர்கள்." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "விடுதலைன்னா ரிலீஸ்தானே? அப்ப விடுபட்டவங்கன்னா ரிலீஸ் ஆனவங்க. லிஸ்ட்ல ரிலீஸ் ஆன பேரு."

"லிஸ்ட்ல சேர்க்காம விட்டவங்கடி."

அவள் முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், தன் தமிழைத் திட்டிக்கொண்டாள். எனக்கானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சொன்ன அர்த்தத்தில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. விடுதலை என்றால் இதைவிட விடுதலை உண்டா? வீடு என் வீடாகவே இருந்தது. தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது, அதுகூட அழகாக இருந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது, பொய் சொல்வானேன். ஐந்து பேரில் ஒருத்தியாகக்கூட நான் இல்லையா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் அலமாரியைப் பார்த்தேன், போய்விட்டது.

எதிர்வீட்டம்மாளுக்கு மகள் இந்தியில் விளக்கினாள். "சப் சிஃபாரிஷ் ஹை" என்று அந்தம்மாள் பல்லைக் கடித்தாள். சிபாரிசு இல்லாமல் இந்த நாட்டில் எதுவும் நடக்காது என்பது அவளுடைய தீர்மானமான கருத்து. மீதி லட்டுவையும் எங்களுக்கே விட்டுவிட்டுப் போனாள்.

கணவர் கையில் ரசகுல்லா டப்பாவோடு வந்தார். மகள் போனை நீட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு தலைப்பைப் படித்தார், கீழே இருந்ததையும் முழுக்கப் படித்தார். பிறகு தன் போனை எடுத்து புரோக்கரைக் கூப்பிட்டார். "பையா, ஃபிளாட் நஹீ பேச்னா. நஹீ, கபி நஹீ." விற்கப் போவதில்லை, எப்போதுமே இல்லை. அவ்வளவுதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

என் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடப் போகிறதே என்று சமையலறைக்குள் போய்த் திரும்பி நின்றுகொண்டேன். அவர் பின்னாலேயே வந்தார். சென்னையைப் பற்றிப் புலம்பப் போகிறார், கேட்டுக்கொள்வதுதான் நியாயம் என்று காத்திருந்தேன்.

"யாரு இந்த நடுவருங்க?"

"யாரோ. விடுங்க."

"என்னத்த விடறது? படத்துல போலீஸ் ஸ்டேஷன்ல கான்ஸ்டபிள் அந்தப் பையனோட சட்டையை உங்கிட்டக் குடுப்பான்ல, வேற எவளா இருந்தாலும் அங்க ஓன்னு அழுதிருப்பா. நீ அழல. பட்டன் ஒண்ணு அவுந்திருந்துச்சு, அதைப் போட்டுவிட்டு மடிச்சு வச்ச. நான் தியேட்டர்ல அழுதுட்டேன். மறுபடி போய்ப் பாத்தேன், அப்பவும் அழுதேன்."

படம் வந்து இத்தனை மாதத்தில் என் நடிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுபடி போய்ப் பார்த்ததும் எனக்குத் தெரியாது.

"அதைப் பாத்துட்டு ஒருத்தன் உன்னை விட்டுட்டு லிஸ்ட் போடுவானா? கண்ணு அவிஞ்சா போச்சு?"

சென்னை கை நழுவிய வருத்தத்தை அவர் முகத்தில் தேடினேன். துளிகூட இல்லை. அப்போதுதான் மனசார, என் பெயரும் அந்த ஐந்தில் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.