நண்பர்கள் மற்றும் பலர்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே பேனர் அடிக்க விழுப்புரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். இது முதல் தடவை இல்லை என்பது அதைவிடக் கேவலம். மூக்கைத் துளைக்கும் ஃபிளெக்ஸ் நெடிக்கு நடுவே, கணினியில் எழுத்துருக்களை ஓடவிட்ட கடைப்பெண் ஒன்றில் நிறுத்தினாள். காய்ந்த பிரஷ்ஷால் இழுத்ததுபோல் நுனி பிரிந்து, நடுநடுவே வெள்ளை கீறி, ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு நிற்கும் எழுத்துகள்.

"இதான் சார் இப்ப எல்லாரும் கேக்கறாங்க. சினிமாவுக்கும் இதான், பிரியாணிக் கடைக்கும் இதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் எழுத்து.

எட்டாம் வகுப்பில், அப்பாவுக்கு மாற்றலாகித் திண்டிவனம் வந்து ஐந்து மாதமாகியும் எனக்கென்று பேச ஓர் ஆள் சேரவில்லை. பிறந்தநாளுக்கு முந்தைய ஞாயிறு, ஊரே வெயிலுக்குப் பயந்து கதவடைத்திருந்த மதியத்தில், தென்னை மட்டை நுனியை நசுக்கிப் பிரஷ்ஷாக்கி, அம்மா கோலத்துக்கு வைத்திருந்த காவியைக் கரைத்து, கடலை எண்ணெய் ஆட்டும் "மல்லாட்டை மில்" சுவரில் எழுதினேன்: 'பிறந்தநாள் காணும் அண்ணன் சேகர் வாழ்க!' வாழ்த்துவோர் பெயர் போட வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. வெகுநேரம் யோசித்து, 'நண்பர்கள் மற்றும் பலர்' என்று முடித்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடமே அந்தச் சுவரைக் கடந்துதான் போனது. ஒருவனாவது "அது நீயாடா?" என்று கேட்பான் என்று சாயங்காலம் வரை எதிரிலேயே நின்றேன். கேட்டது மில் வாட்ச்மேன் மட்டும்தான்.

"டேய், யார்ரா இந்தச் சேகர் அண்ணன்?"

"தெரியலிங்க."

"சும்மாதான நின்னுக்கினு கீற? ஜல்தியா வந்து ஒரு கை குடு. மொதலாளி பாத்தா பேஜாராப் பூடும்."

தேங்காய் நாரைக் கையில் திணித்தார். என் பிறந்தநாளை நானே தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் அலுத்துக்கொண்டார்: "எழுதறதுக்கு இத்தினி பேரு வந்தானுங்க. தொடைக்க ஒருத்தனக் காணோம் பாரு."

இன்று அந்த மில் இல்லை. அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. சுவர் முழுக்க டைல்ஸ், காவி ஒட்டாது. எழுதத் தெரியாததால் எனக்கு வந்த கோணலை மட்டும் யாரோ மெனக்கெட்டுக் கணினிக்குள் ஏற்றியிருக்கிறார்கள்.

"வாழ்த்து ரெடி சார்," என்றாள் அந்தப் பெண். "கீழ ஃபிரண்ட்ஸ் போட்டோ வைக்கணுமே, எத்தினி பேரு?"

நான் கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவள் ஆறுதலாகச் சொன்னாள்:

"பரவால்ல சார், அந்த எடத்துல எங்க கடை நம்பரப் போட்டுக்கறேன்."