கிட்டாருக்குள் வைத்த கம்பளி

பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். நான் கரண்ட் வேலைக்காரன். ஒரு சத்தம் கேட்டால் அது எங்கேயிருந்து வருகிறது என்று தேடுவேன். தேடினால் ஒரு கம்பி அறுந்திருக்கும், ஒரு திருகு கழன்றிருக்கும், அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் கம்பியும் கிடைக்கவில்லை, திருகும் கிடைக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என் காதால் கேட்டதைக் கேட்டபடியே சொல்கிறேன்.

1965, ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அந்தச் சனம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எனக்கு வேலை. பெயர் வீரய்யா. வீடு கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறையும், காம்பரா என்போம், எனக்குக் கொடுத்திருந்தார்கள். பழுதான ரேடியோக்களை அங்கேதான் பிரித்துப் போட்டிருப்பேன்.

பங்களாவில் சமையல் வேலை பார்த்தவன் கந்தப்பன். சீமைக்குத் திரும்பிப்போன சின்னத்துரை, அதாவது வெள்ளைக்கார உதவி மேனேஜர், தன் கிட்டாரை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கரண்டில் பாடுகிற கிட்டார். ஆனால் கட்டையாக இருக்காது. உள்ளே வெறும் கூடு, மேலே இரண்டு பக்கமும் வளைந்த துளை. துரை வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே கந்தப்பன் கற்றுக்கொண்டான். பாவி, என்னமாய் வாசிப்பான்! கேட்டுக்கொண்டிருந்தால் அடுப்பில் உலை கொதிப்பது தெரியாது.

கொழும்பில் ஓர் ஓட்டலில் வாசிக்கிற கோஷ்டி அந்த வெள்ளிக்கிழமை ஹட்டனுக்கு வருவதாக இருந்தது. அவர்களுடைய கிட்டார்காரன் விலகிவிட்டான். சனிக்கிழமை கிட்டாரோடு வந்து வாசித்துக் காட்டு, சரிப்பட்டால் அன்றைக்கே கொழும்புக்குக் கூட்டிப் போகிறோம், பெண்சாதியும் வரலாம் என்று கந்தப்பனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவன் பெண்சாதி அழகம்மா கொழுந்து பறிக்கிறவள். அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில், முன்னால் பெற்ற இரண்டையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டவள். "இந்தப் புள்ளையாச்சும் லயத்துல பொறக்கக்கூடாதுண்ணே" என்பாள். வேறு எதையும் அவள் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. அந்தக் கிட்டார் ஒழுங்காகப் பாடினால் அந்தப் பிள்ளை பிழைக்கும். நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் நம்பினோம்.

கிட்டாரோ நோஞ்சான். தந்தியின் அதிர்வை வாங்குகிற காந்தச் சுருள் செத்துப்போயிருந்தது. பிக்கப் என்பார்கள் அதை. மயிர் போன்ற செப்புக் கம்பியில் அதைப் புதிதாகச் சுற்றினேன். மெழுகுவர்த்தியை உருக்கி அதில் தோய்த்தும் எடுத்தேன். தோய்க்காவிட்டால் மரத்தில் தட்டுகிற சத்தத்தையும் அது வாங்கிவிடும். இன்னொரு பிக்கப்பும் புதிதாகச் செய்து பொருத்தினேன். சத்தம் கூட்டுகிற திருகை ரேடியோவிலிருந்து கழற்றி, நூலில் கட்டி, துளை வழியாக உள்ளே விட்டு இழுத்து மாட்டினேன். ஒரு பழைய ரேடியோவை ஒலிபெருக்கிப் பெட்டியாக மாற்றினேன். மணி மாதிரிப் பேசியது கிட்டார்.

ஒரே ஒரு நோய் பாக்கி. சத்தத்தைக் கூட்டினால் அந்த வெறுங்கூடு 'ஊஊ...' என்று நரி மாதிரி ஊளையிடும். அதன் வயிற்றில் கம்பளியை அடைத்தால் ஊளை நிற்கும். மழையில் தலைக்குப் போட, தோட்டத்தில் ஆளுக்கு ஒரு கம்பளிதான் உண்டு. யார் தருவார்கள்?

"என்னோடத எடுத்துக்கங்கண்ணே" என்று அழகம்மா சிரித்தாள். "கொழும்புல வெயிலாம்ல. கம்பளி எதுக்கு?"

என் பெண்சாதி பேச்சியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடியே, உசுரோட இருக்கவ கம்பளியில கத்தரி வைக்கப்படாதுடி!"

எங்கள் தோட்டத்து வழக்கம் அது. ஓர் ஆள் செத்தால்தான் கம்பளியில் கத்தரி படும். குழிக்கரையில் வைத்து வெட்டி, கூடவே போட்டு மூடிவிடுவார்கள். வேறு யாரும் போர்த்தக்கூடாது என்பதற்காக.

"ஒன் சாத்திரத்தத் தூக்கி ஒடப்புல போடு" என்றேன் நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கந்தப்பன் கோஷ்டிக்காரர்களைப் பார்க்க ஹட்டனுக்கு பஸ் ஏறினான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து கிட்டாரையும் அழகம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. வேலை முடிந்ததும் அழகம்மா கம்பளியைக் கொண்டுவந்து தருவாள். நான் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட வேண்டும்.

அன்றைக்கு மழையென்றால் அப்படி ஒரு மழை. நாலரை மணிக்கு மலைப் பக்கம் 'தடதட' என்று ஏதோ உருண்டது. இடி என்று நினைத்தேன்.

ஆறு பத்துக்குக் கதவில் தட்டும் சத்தம்.

அழகம்மா நின்றாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். கையில் மடித்த கம்பளி. உள்ளே வரவில்லை.

"வா தாயி, சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"வேணாண்ணே." குரல் கம்மியிருந்தது. "சீக்கிரம் பாருங்கண்ணே... நேரமில்ல."

"காலைல ரெடியா இருக்கும். நீ போயிப் படு."

அவள் போகாமல் என்னையே பார்த்தாள். கம்பளியை நீட்டினாள். விரல் பட்டது. ஐஸ்.

வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஆளைக் காணோம். வெளியே எட்டிப் பார்த்தேன். லயத்துக்குப் போகிற பாதையில் யாருமே இல்லை.

முழுகாமல் இருக்கிறவள் இப்படி ஓடுகிறாளே என்று திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் கம்பளியைத் தொட்டுப் பார்த்தேன்.

அது நனையவே இல்லை.

அவ்வளவு மழையில் காய்ந்து கிடந்தது. ஒரு வாடை மட்டும் அடித்தது. அப்போதுதான் வெட்டிய மண்ணின் வாடை.

மூலையில் சிவப்பு நூலில் ஒரு சின்ன மீன் தைத்திருந்தாள். கம்பளிகள் மாறிப் போகாமலிருக்கப் பெண்கள் ஆளுக்கொரு அடையாளம் வைப்பார்கள். கத்தரியை எடுத்து ஆறு துண்டாக வெட்டினேன். இரண்டு துண்டைக் கம்பிக் கொக்கியால் துளை வழியாக உள்ளே தள்ளினேன்.

சுவிட்சைப் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். ஊளை இல்லை.

"அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

மணி எட்டு இருபது. தந்திகளை உள்ளங்கையால் அமுக்கினேன். சத்தம் நிற்கவில்லை. கம்பிகளைப் பார்த்தேன். திருகுகளைப் பார்த்தேன். புதுப் பிக்கப்பைக் கழற்றினேன். பழைய பிக்கப்பிலும் அதே சத்தம்.

டிக்... டிக்... டிக்...

கூடு எங்கேயோ ஆடுகிறது, இன்னும் அடைக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாவது துண்டைத் தள்ளினேன். சத்தம் கொஞ்சம் தணிந்தது.

பத்து நாற்பதுக்கு சோலைமலை கதவைத் திறந்து தலையை நீட்டினான். மேல்மாடியில் ராத்திரி கொழுந்து வாட்டுகிறவன். பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னாண்ணே அது?"

"எது?"

"யாரோ கொழுந்து பறிக்கிற சத்தம்..."

ஆமாம். அதேதான். நகத்தில் காம்பு ஒடிகிற சத்தம். இரண்டு கையாலும் வேகமாக ஒடிப்பார்களே, அந்த டிக் டிக்.

"போடா, கரண்டு இரைச்சல் அது."

அவன் நெருப்பு வாங்காமலே போய்விட்டான்.

பதினொன்றரைக்கு அந்தச் சத்தம் மாறியது.

பறிக்கிற சத்தம் இல்லை. பிறாண்டுகிற சத்தம்.

சர்ர்... சர்ர்...

நான்காவது துண்டைத் தள்ளினேன். ஒரு மணி நேரம் அமைதி. பிறகு தட்டுகிற சத்தம். கல்லில் கல் தட்டுவதுபோல.

டொக்... டொக்...

மெழுகில் தோய்த்த சுருள் அது. தட்டுவதை அது வாங்காது. வாங்கவே வாங்காது!

வயரைக் கிட்டாரிலிருந்து பிடுங்கினேன். கிட்டாருக்கும் பெட்டிக்கும் தொடர்பே இல்லை.

டொக்... டொக்...

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. கிட்டாரின் கூட்டுக்குள்ளிருந்து வந்தது.

காதை அந்தத் துளையில் வைத்தேன்.

மூச்சு.

யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள்.

மணி இரண்டு ஐந்து. ஓடிப்போயிருக்கலாம். கிட்டாரைத் தூக்கி மழையில் எறிந்திருக்கலாம். ஆனால் விடிந்தால் கந்தப்பன் வருவான். இது இப்படியே முனகினால் அவர்களைக் கொழும்பில் யார் சேர்ப்பார்கள்? அந்தப் பிள்ளை என்னாகும்?

ஐந்தாவது துண்டு.

மூச்சு சன்னமானது.

நிற்கவில்லை.

மீன் தைத்த கடைசித் துண்டை எடுத்தேன். நுழையவில்லை. உள்ளேயிருந்து ஏதோ அதை வெளியே தள்ளியது. முருகா... பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன்.

உள்ளே போய்விட்டது.

நான்கு ஐம்பது.

ஒரு சத்தமும் இல்லை.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு அடிக்கும்வரை தூங்கியிருக்கிறேன்.

ஆறே முக்காலுக்குக் கந்தப்பன் சிரித்துக்கொண்டே வந்தான். "அண்ணே, அழகம்மா இங்கயா இருக்கா? வீடு பூட்டிக் கிடக்கு."

"நேத்துக் கம்பளியக் குடுத்துட்டு அப்பவே போயிட்டாளே."

லயத்தில் விசாரித்தோம். புருஷன் பின்னாலேயே ஹட்டனுக்குப் போய்விட்டாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதனால் ராத்திரி அவளை யாரும் தேடவில்லை. கூடப் பறித்த வேலாயிதான் சொன்னாள், கொழுந்தை எடை போட்டதும் அழகம்மா தனியாகக் குறுக்குப் பாதையில் ஸ்டோருக்கு இறங்கினாளாம். அப்போது நாலே கால் மணி.

குறுக்குப் பாதையை மலையிலிருந்து சரிந்த மண் மூடியிருந்தது. என் காம்பராவிலிருந்து கூப்பிடு தூரம்.

மண்வெட்டிகள் வந்தன. கந்தப்பன் கையாலேயே தோண்டினான். ஒன்பது மணிக்கு அவள் கிடைத்தாள். ஒரு பாறையின் கீழ் ஒடுங்கிக் கிடந்தாள். கையில் ஒரு கல் இருந்தது. பத்து நகமும் இல்லை. வயிற்றைச் சுற்றிக் கம்பளியை இறுக்கி மடித்துக் கட்டியிருந்தாள்.

தோட்டத்து டாக்டரய்யா குனிந்து பார்த்தார்.

"நேத்துச் சாகல" என்றார் மெதுவாக. "பாறைக்கடியில காத்து இருந்திருக்கு. விடியக்காலைல அஞ்சு மணி வாக்குலதான் உசுரு போயிருக்கு."

அவள் என் கதவைத் தட்டியது ஆறு பத்துக்கு. பேய் வந்தது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. அப்போது அவள் சாகவில்லை.

சாயங்காலம் குழிக்கரையில், வழக்கப்படி கம்பளியை வெட்டப் பேச்சியம்மா கத்தரியோடு குனிந்தாள். மடிப்பைப் பிரித்தாள். கத்தரி கையிலிருந்து விழுந்தது.

கம்பளி ஏற்கனவே வெட்டிக் கிடந்தது. ஆறு துண்டாக.

மீன் தைத்த துண்டை நான் எடுத்துப் பார்த்தேன். அதில் பிக்கப்புக்குப் போட்ட மெழுகு ஒட்டியிருந்தது. பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். சோலைமலை என்னைப் பார்த்தான். ஆறையும் குழியில் போட்டு மூடினோம்.

அன்றைக்கு ராத்திரி கந்தப்பன் என் காம்பராவுக்கு வந்தான். ஹட்டனுக்கும் அவன் திரும்பிப் போகவில்லை, கொழும்புக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. கண் சிவந்திருந்தது.

"அவ இதுக்குத்தான வந்தா. ஒருதரம் போட்டுக் காட்டுங்கண்ணே."

நான் கிட்டாரைத் தூக்கினேன். குலுக்கினேன். உள்ளே கம்பளி இல்லை. வெறுங்கூடு. மறுபடியும் அந்த நரி ஊளையிடத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். சத்தத்தைக் கடைசிவரை கூட்டினேன்.

கந்தப்பன் குனிந்து, துளையில் காதை வைத்துக் கேட்டான். நெடுநேரம் கேட்டான்.

"நல்லா செஞ்சிருக்கீங்கண்ணே" என்றான். "ஒரு சத்தமும் இல்ல."