வாளிக்கு ஒரு சாண் தள்ளி

சூடான இரும்பும் ஆறின இரும்பும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் நான் வேலை செய்யும் கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம் இது. உலையிலிருந்து எடுத்த பல்சக்கரம் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும், அப்புறம் கறுத்துவிடும். கறுத்த பிறகுதான் ஆபத்து. அதனால் மஞ்சள் கோட்டுக்குள் வைத்து, மேலே ‘சூடு’ என்று எழுதிய தகட்டை மாட்டாமல் அங்கிருந்து நகரமாட்டோம். பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் அதை மறந்ததில்லை. போன தீபாவளிக்கு என் வீட்டு வாசலில் மறந்தேன்.

நாங்கள் இருப்பது ஆனேக்கல் போகிற வழியில். ஒரே கேட்டுக்குள் இரண்டு வீடு. முன்னால் வீட்டுக்காரம்மா குடும்பம், கன்னடக்காரர்கள். பின்னால் வாடகைக்கு நாங்கள். நடுவில் சிமெண்ட் போட்ட முற்றம். அங்கேதான் பட்டாசு வைப்போம்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. தண்ணீர் வாளி பக்கத்திலேயே இருந்தது, நானே நிரப்பி வைத்ததுதான். அவள் கையில் எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை வாங்கினேன். அடுத்து புஸ்வாணம் வைக்கிற அவசரம். கம்பியை வாளிக்குள் போடாமல் பக்கத்தில் போட்டுவிட்டேன். ஒரு சாண் தூரம் இருக்கும். புஸ்வாணத்தைப் பார்க்க அவள் வெறுங்காலோடு ஓடிவந்தாள்.

தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். வீட்டுக்காரம்மா பற்பசையோடு வந்தார்.

“அதெல்லாம் வேணாங்க்கா, தண்ணியே போதும்” என்று என் மனைவி தடுத்துவிட்டாள். ரொம்ப நேரம் குழந்தையின் காலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு டாக்டரிடம் போனோம். எதையும் பூசாமல் வந்தது நல்லதாயிற்று என்று சொல்லிக் கட்டுப்போட்டார்.

கால் ஆறிவிட்டது. ஆனால் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் மகள் என்னைக் கேட்டாள்.

“அது சூடுன்னு உனக்குத் தெரியும்தானேப்பா?”

“தெரியும் கண்ணு.”

“அப்புறம் ஏன் கீழ போட்ட?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு, அடுப்பிலிருந்து நான் இறக்கிவைக்கிற பாத்திரம் எதையும் அவள் தொடுவதில்லை. “அம்மா, இது சூடா?” என்று உள்ளே பார்த்துக் கேட்பாள். நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பேன். ஒரு வருடம் இப்படியே போனது.

இந்த வருடம் சத்தம் போடுகிற வெடி எதுவும் வாங்கவில்லை. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் அவ்வளவுதான். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மகள் புதுப் பாவாடை கட்டினாள், அதிரசம் தின்றாள். வெளியே மட்டும் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள்.

நான் ஒரு மத்தாப்பைக் கொளுத்தி மனைவி கையில் கொடுத்தேன்.

“கொழந்த உள்ள நிக்குது, நாம ரெண்டு பேரும் மத்தாப்பு சுத்தறோம். பாக்கறவங்க சிரிக்கப்போறாங்க” என்றாள்.

“சிரிக்கட்டும்.”

“உங்களுக்கென்ன, நீங்க இருட்டுல நிக்கிறீங்க.”

இரண்டோடு நிறுத்திவிட்டு மீதிப் பெட்டியை அலமாரியின் மேல் வைத்துவிட்டேன்.

பெங்களூரில் இருப்பதில் எங்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஒரு தீபாவளி தவறிப்போனால் இரண்டு நாள் கழித்து இன்னொன்று வரும். வீட்டுக்காரம்மா வீட்டில் மூன்றாம் நாள், அமாவாசைக்கு மறுநாள் வருகிற பாட்யமி சாயங்காலம்தான் பெரிய கொண்டாட்டம். வாசலில் விளக்கு வைத்து, பூசை முடித்து, அப்புறம் பட்டாசு. அன்றைக்கு மத்தியானம் மகளிடம் போய் உட்கார்ந்தேன்.

“சாயங்காலம் ஒரே ஒரு மத்தாப்பு பிடிக்கிறியா கண்ணு?”

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். கவிழ்ந்து படுத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினாள். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக்கொடுத்தது, பெரிது பெரிதாக இருக்கும். எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள்.

“வரேன். ஆனா எல்லாரும் இருக்கும்போது இத நீ படிக்கணும். கம்பெனியில கைய நீட்டிப் படிப்பீங்களே, அந்த மாதிரி.”

கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு உறுதிமொழி எடுப்போம். எல்லாரும் வலது கையை நீட்டி, மேலாளர் சொல்லச்சொல்ல உரக்கச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் என் குரலே எனக்கு ஆகாது. கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பேன். இதை ஒரு தடவை மனைவியிடம் சொல்லிச் சிரித்ததை மகள் கேட்டிருக்கிறாள்.

“வாய மட்டும் அசைக்கக் கூடாது” என்றாள்.

சாயங்காலம் முற்றத்தில் நின்ற இரண்டு பைக்கையும் தெருவுக்குத் தள்ளினேன். கொடியில் கிடந்த துணிகளை மனைவி எடுத்துவிட்டாள். வாளியை நிரப்பி நடுவில் வைத்தேன். பூசை முடிந்து வீட்டுக்காரம்மா, அவர் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். என் மகள் எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்றாள். நான் தாளைப் பிரித்து வலது கையை நீட்டினேன்.

“என்னண்ணா இது, வாயே தொறக்காத மனுசன், இன்னிக்கு மேடைப் பேச்சு மாதிரி பாஷணமா?” என்றார் வீட்டுக்காரம்மா.

“மந்திரி ஆயிட்டாரு” என்றார் அவர் கணவர்.

காது இரண்டும் சுட்டது. முதல் வரியிலேயே என் பெயரை எழுதியிருந்தாள். அதை வாய்க்குள்ளேயே சொன்னேன்.

“கேக்கல” என்றாள் மகள்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். நான் செருப்பில்லாமல் பட்டாசு வைக்கமாட்டேன். நீள ஊதுபத்தியால்தான் கொளுத்துவேன், குனிந்து பார்க்கமாட்டேன். எரியாத புஸ்வாணத்தை மறுபடி கொளுத்தமாட்டேன், தண்ணீர் ஊற்றுவேன். ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று. கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்தக் கால் அவர்களும் பார்த்ததுதானே.

“கம்பியை வாளிக்குள்தான் போடுவேன். பக்கத்தில் போடமாட்டேன்.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு வீட்டுக்காரம்மாதான், “பா புட்டி, உங்கப்பா இவ்ளோ பேசி நான் பாத்ததேயில்ல. வா வெளிய” என்று கூப்பிட்டார். அவருக்குச் சின்னப் பெண்கள் எல்லாரும் ‘புட்டி’தான்.

மகள் உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். புதுப் பாவாடைக்குக் கீழே பள்ளிக்கூட ஷூவைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஊதுபத்தியால் முதல் மத்தாப்பைக் கொளுத்திக் கொடுத்தேன். கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தாள். அணைந்ததும் என்னிடம் கொடுக்கவில்லை. தானே நடந்துபோய் வாளிக்குள் போட்டாள். ‘சுர்ர்’ என்றது. இரண்டாவதையும் அப்படித்தான் செய்தாள். மூன்றாவதில் முகத்தைத் திருப்பவில்லை. நாலாவதில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

நான் கொளுத்திக் கொடுப்பதோடு சரி.

ஐந்தாவது மத்தாப்பு எரிந்து முடிகிற நேரம், வீட்டுக்காரம்மா மகள் முற்றத்து மூலையில் புஸ்வாணம் வைத்தாள். அது ஆள் உயரத்துக்கு எழும்பியது. என் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே, கையிலிருந்த கறுத்த கம்பியைப் பின்னால் என் பக்கம் நீட்டினாள்.

பிடிக்கிற முனையில் அவள் விரலுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே பிடித்து வாங்கிக்கொண்டேன். வாளி நாலு அடி தள்ளி இருந்தது. போய், குனிந்து, தண்ணீருக்குள் வைத்தேன். ‘சுர்ர்’ என்றது.

அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. புஸ்வாணத்தின் வெளிச்சம் முகத்தில் விழ, அங்கிருந்தே சொன்னாள்.

“சத்தம் கேட்டுச்சுப்பா. அடுத்தது குடு.”