மூக்கைத் தொடாதீர்கள்

என் மகளைக் குளிப்பாட்ட வந்த அத்தையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். சொந்த அத்தை இல்லை. காலடிப்பேட்டையில் எங்கள் தெருக்காரர். கைக்குழந்தைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் பேர் வாங்கியவர். தண்ணீர் ஊற்றி முடித்ததும், மூக்கு எடுப்பாக வரட்டும் என்று விரலால் நீவிவிடுவார். சரியாக அப்போதுதான் குழந்தை கட்டை மாதிரி விறைக்கும். தலை பின்னால் வெட்டும், கைகால் உதறும், மூச்சு நின்றுவிட்டுத் திரும்பும்.

உரம் விழுந்திருக்கிறது, கழுத்து பிசகியிருக்கிறது என்று பழைய புடவையில் போட்டு உருட்டினார். இன்னும் மோசமாக விறைத்தாள். மறுநாளிலிருந்து துண்டு எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்று அவர் நகங்களைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"என் கை மேல டவுட்டா ஒனக்கு? இந்தத் தெருல பாதி மூக்கு நான் புடிச்சி வுட்டதுதான்."

இனி நானே குளிப்பாட்டிக்கொள்கிறேன் என்றேன். முகம் துடைக்கும்போது என் விரல் மூக்கில் பட்டது. அதே விறைப்பு. குக்கர் விசிலுக்கும் விறைத்தாள், கன்டெய்னர் லாரி ஹாரனுக்கும் விறைத்தாள். பக்கத்து கிளினிக்கில் வலிப்பு என்றார்கள். தலையில் ஒயர் ஒட்டி எடுத்த டெஸ்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் எதுவும் கேட்காமல் அவள் மூக்கு நுனியை விரலால் தட்டினார். விறைத்தாள். மறுபடி தட்டினார், மறுபடியும் விறைத்தாள். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. இது வலிப்பில்லை, பிறவியிலேயே வரும் அபூர்வமான நரம்புக் கோளாறு என்றார். எல்லாருக்கும் சட்டென்று அடங்கும் திடுக்கிடல் இவளுக்கு அடங்குவதில்லை. விறைத்தால் தலையையும் கால்களையும் வயிற்றுப் பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும், மூச்சு வந்துவிடும் என்று செய்து காட்டினார். மருந்து எழுதினார். வளர வளரக் குறையலாம் என்றார். அந்த 'லாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

தனியாகக் குளிப்பாட்டப் பயந்து அத்தையை மறுபடி கூப்பிட்டேன். மூக்கைத் தொடாதீர்கள் என்று சொல்லி எதிரில் உட்கார்ந்துகொண்டேன். பாதிக் குளியலில் தெருவில் லாரி ஹாரன் அடித்தது. அவர் காலிலேயே விறைத்தாள். உதடு கறுத்தது. அள்ளி எடுத்து மடக்கிப் பிடித்தேன். மூச்சு வந்து, அழுதாள்.

அத்தை ஈரக் கைகள் இரண்டையும் தூக்கிக் காட்டினார்.

"நான் தொடவே இல்ல. நீ பாத்துகினுதான இருந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். குழந்தையைத் திரும்ப அவர் காலில் கிடத்தினேன். அந்தக் கைகளிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை.